வட்டத்தின் ஓரம்

அறையில் நான்கு பேர்.

சோபாவில் இயக்குநர் இளம்பரிதி. அவனுக்கு வலப்பக்கம், அவன் படித்த கல்லூரியின் பேராசிரியை. தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியோடு கேமராமேன் ஷாநவாஸ். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்.

லேத் பட்டறைக்காரர். பழைய பதினாறு எம்.எம். சினிமா லென்சை இந்தக் காலத்துச் சின்ன டிஜிட்டல் கேமராவில் மாட்ட, அலுமினிய வளையம் கடைந்து கொடுத்தவர். அதனால் கூப்பிட்டிருந்தார்கள்.

மடிக்கணினியில் ஓடிய ஆவணப்படத்தில் ஒரு மனிதர் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கினார்.

கழுத்து வரைக்கும். பிறகு தலையும்.

வாளி வாளியாகக் கசடு மேலே வந்தது. பழைய லென்ஸ் அதன்மேல் ஒரு மினுமினுப்பைப் பூசியிருந்தது.

“என்ன ஒரு டெக்ஸ்சர்!” என்றார் பேராசிரியை. பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தார்.

“இது ஓரம் வெட்டினது மேடம். ஷானு, வெட்டாதத போடுறா. மேடம் அந்த வட்டத்தப் பாக்கட்டும்” என்றான் இளம்பரிதி.

அந்த லென்ஸ் சின்னப் பிலிமுக்கென்று பிறந்தது. இந்த டிஜிட்டல் கேமராவின் சென்சாரை முழுக்க நிரப்பாது. வெட்டாத காட்சியில் நான்கு மூலையும் கறுப்பு, நடுவில் வட்டம். இதுவரை பார்த்தது வட்டத்தின் வயிறு மட்டும்.

இடது ஓரத்தில் இரண்டு கைகள் தெரிந்தன.

மஞ்சள் வாளி. கைகள் அதைக் கவிழ்த்தன.

கசடு குழிக்குள் விழுந்தது.

வெளியே அல்ல. உள்ளே.

இன்னொரு வாளி. இன்னொன்று. “ரெடி” என்று ஒரு குரல். அந்த மனிதர் இறங்கினார்.

“அது ரெண்டாவது டேக்குண்ணே.” இளம்பரிதி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “மொதத் தடவ எடுத்தது மங்கிப்போச்சுல்ல? அதுக்குள்ள குழி காலி. அள்ளுறதுக்கு ஏதாச்சும் வேணும்ல? கை தெரியுறதெல்லாம் வெட்டுல போயிரும்.”

மங்கியது அவருக்குத் தெரியும்.

வளையம் பத்தில் மூன்று மில்லிமீட்டர் தடித்துவிட்டது. அவருடைய தப்பு. இரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. கேமரா நின்றதோ குழியிலிருந்து ஐந்து மீட்டரில். படம் எடுத்த அன்று மத்தியானம் பைக்கில் பறந்து வந்தார்கள். வெளிச்சம் போறதுக்குள்ள வேணும்ணே என்றார்கள். முக்கால் மணி நேரத்தில் சீவிக் கொடுத்தார். ஷாநவாஸ் அவரைக் கட்டிக்கொண்டான். வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

எதற்கு அவசரம் என்று கேட்கவில்லை.

வாயில் பஜ்ஜி இருந்தது. துப்ப இடமில்லை. எண்ணெய் மட்டும் தொண்டையில் இறங்கியது.

“அந்த ஆளு பேரு என்ன தம்பி?”

இளம்பரிதி ஷாநவாஸைப் பார்த்தான். ஷாநவாஸ் திரையைப் பார்த்தான்.

“டைட்டில்ல ‘தொழிலாளி’ன்னே போட்டிருக்கோம்ணே. அதான் எல்லாருக்கும் பொருந்தும்.”

கிளம்பும்போது இளம்பரிதி ஒரு வேலை சொன்னான். படவிழாவில் ஒளிப்பதிவுக்குத் தனி விருது உண்டாம். லென்சைப் பொருத்திய விதம் பற்றி நடுவர்களுக்கு ஒரு குறிப்பு வேண்டும்.

“கையாலயே எழுதிக் குடுங்கண்ணே. அதுலயும் ஒரு பழைய வாசன இருக்கும்.”

மறுநாள் காலை பட்டறையைத் திறக்கவில்லை. குழி இருந்த தெருவில் நாலு இடத்தில் விசாரித்து ஆளைக் கண்டுபிடித்தார்.

பெயர் நாகையா. கண் இரண்டும் சிவந்து, பீளை கட்டியிருந்தது. எத்தனை வாளி கொட்டினார்கள் என்று கேட்டதற்கு ஒன்பது என்றார். மறுபடி இறங்கச் சொன்னபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதற்குப் பீளையைத் துடைத்துக்கொண்டார்.

“மொதத் தடவ முடிச்சதும் நான் குளிச்சிட்டேன் சார்.”



மத்தியானம் பட்டறைக்காரர் கோடு போட்ட தாளில் எழுத உட்கார்ந்தார். இடப்பக்கம் ஓரம் விட்டார். மேலே தேதி, ஊர். பெறுநர். பொருள்.

முதல் பக்கத்தில் லென்சின் விவரம், திருகு மரையின் அளவு, ஸ்கேல் வைத்து வரைந்த வளையம்.

இரண்டாம் பக்கத்தில், வளையம் எவ்வளவு தடித்தது, அது யார் தவறு, அதனால் என்ன மங்கியது. எத்தனை மணிக்குத் திருத்திக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு குழிக்குள் திரும்பக் கொட்டப்பட்டது ஒன்பது வாளி. இறங்கியவர் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண். வெட்டாத காட்சியைக் கேட்டு வாங்கி இடது ஓரத்தைப் பார்க்கவும்.

ஓரிடத்தில் அருவருப்பு என்று எழுதிவிட்டார். அளக்க முடியாதது குறிப்பில் வரக் கூடாது. அந்தச் சொல் இல்லாமல் வேறு தாளில் முழுக்கத் திரும்ப எழுதினார்.

இது போய்ச் சேர்ந்தால் கேமராக்காரன் எவனும் இனி பட்டறைப் படி ஏற மாட்டான். கையெழுத்துப் போட்டார். உறையில் நடுவர் குழுவின் முகவரியை எழுதினார்.

சாயங்காலம் இளம்பரிதி வாசலில் பைக்கை அணைக்காமலே இறங்கினான். கூரியர் கடை ஆறு மணிக்கு மூடிவிடும்.

“படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க தம்பி.”

முதல் பக்கத்தைப் பார்த்தான். வளையத்தின் படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

“அய்யோ, அச்சடிச்ச மாதிரி இருக்குண்ணே!”

“ரெண்டாம் பக்கமும் இருக்கு.”

“நீங்க எழுதி நான் திருத்துறதா? நல்லா இருக்கே கத!”

தாள்களை மடித்து உறைக்குள் செருகினான். நாக்கை நீட்டி, பசை ஓரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நக்கினான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

பைக் தெருமுனையில் கூரியர் கடைப் பக்கம் திரும்பியது.

அவர் கூப்பிடவில்லை.