நுரைப் பங்கு

மறக்கவே முடியாத பீர் எது என்று நண்பர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கோவாவில் மழையில் நனைந்தபடி குடித்ததைச் சொன்னான். என் முறை வந்தபோது நான் பாட்டிலை உயர்த்திப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதி கிளாஸ் நுரை.

"இத்தனை வருசமா குடிக்கிற, இன்னும் ஊத்தத் தெரியலையாடா?" ஜெபசிங் பாட்டிலைப் பிடுங்கினான். வேறொரு கிளாஸைச் சாய்த்து ஓரமாக வழியவிட்டு எனக்கு நீட்டினான். "பாத்தியா? பொட்டு நுரை இல்ல."

என் மனைவி மெர்லினுக்கு நுரை மட்டும்தான் வேண்டும். அவளுக்காகத்தான் உயரத்திலிருந்து ஊற்றப் பழகினேன். மேலுதட்டில் வெள்ளை மீசையோடு, "இந்தாங்க, மிச்சக் கஷாயம் உங்களுக்கு" என்று கிளாஸை என் பக்கம் நகர்த்துவாள். அவள் இறந்து பதினொரு மாதம் ஆகிறது.

"சொல்லுடா, உனக்கு எது?"

ஜெபசிங் ஊற்றியது விளிம்புவரை தெளிவாக நின்றது. அதைத் தொடவில்லை. நுரை நிறைந்த என் கிளாஸை எடுத்து, எதிரே காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். நுரை மெல்லிய சத்தத்தோடு அடங்கத் தொடங்கியிருந்தது.

"சீக்கிரம், மெர்லின்" என்றேன்.