தலை திரும்புவதற்கு முன்னால்

தட்சிணாமூர்த்தி சார் இடது பக்கம் திரும்பினார். அரண்மனை கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

"அச்சா... லேசா சுத்துதே," என்றார்.

பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த செந்தில்குமார் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டான். சாருக்குத் தலை சுற்றினால் மோசம். மந்திரி ஆபீஸிலிருந்து வந்திருக்கும் பெரிய அதிகாரி அவர். தலையாட்டினால் டெல்லி முனிர்காவிலிருக்கும் இந்த மாடிக் கம்பெனி பிழைக்கும். ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாரானால் செந்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

சார் தலையில் மாட்டியிருந்தது பூசணிக்காய் கனத்தில் ஒரு ஹெல்மெட். அதற்குச் சொந்த மூளை கிடையாது. கண்ணெதிரே தெரியும் அரண்மனையை வரைவதெல்லாம் இந்த அறையில் பீரோ மாதிரி நிற்கும் கம்ப்யூட்டர். வரைந்து காற்றிலேயே அனுப்பும். படம் போய்ச் சேர்வதற்குள் தலை வேறு பக்கம் போயிருக்கும். போன வாரம் மாட்டிப் பார்த்த வாட்ச்மேன் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான்.

தலை எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே ஊகித்து, அந்தப் பக்கத்தை வரைந்து அனுப்பினால் தப்பிக்கலாம். அதற்காகச் செந்தில் முடி கொட்ட எழுதிய புரோகிராம் அன்று காலைதான் மண்டையைப் போட்டது. அம்புக்குறி பட்டன்களை வைத்துக்கொண்டு அவனே ஊகித்துக்கொண்டிருந்தான்.

வலது என்று தட்டினான். சார் மேலே பார்த்தார்.

மேலே என்று தட்டினான். சார் குனிந்து ஏப்பம் விட்டார்.

"இப்ப இடது பக்கம் பார்ப்பார், தம்பி."

குரல் பின்னாலிருந்து வந்தது. அந்த ஜனவரிக் குளிரில் கட்டிடத்திலேயே கதகதப்பான இடம் இந்த அறைதான். கம்ப்யூட்டர் விடும் சூட்டில் அப்பளம் சுடலாம். சற்று முன் சால்வையும் நடுக்கமுமாக உள்ளே வந்த ஒரு அம்மாவுக்கு, மந்திரி ஆபீஸ் ஆடிட்டாக இருக்கும் என்று பயந்து அவன் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்திருந்தான்.

கதவுக் கண்ணாடி வழியே ஹாலைப் பார்த்தான். சார் இடது பக்கம் பார்த்தார்.

"யாராவது புகழ்ந்தா மோவாயைத் தூக்குவார்."

"சார் ரசனையே தனி!" என்றார் ஹாலில் மேனேஜர் கலியமூர்த்தி.

மோவாய் கூரைக்குப் போயிற்று.

செந்தில் நாற்காலியைக் காலி செய்தான்.

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெண்டைக்காய் நறுக்கும் வேகத்தில் பட்டன்களைத் தட்டினார். தலை ஒரு பக்கம் கிளம்பும்போது அரண்மனை அங்கே கோலம் போட்டுக் காத்திருந்தது.

வலது பக்கம் நாட்டியக்காரி சிலை வந்தது. "வலது, மேடம், வலது!" என்று செந்தில் துடித்தான்.

"பறக்காதே. முதல்ல அதைக் கவனிக்காத மாதிரி தூணைப் பார்ப்பார்." தூணைப் பார்த்தார். "ம், இப்ப வலது. இங்கே நேரமாகும்."

ஆயிற்று.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது சார் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே கொண்டு வந்து காட்டுதுய்யா! என்னை இப்படிப் புரிஞ்சுக்கிட்டவங்க ஆபீஸ்லயும் கிடையாது, வீட்டுலயும் கிடையாது. உங்க ஃபைலை நாளைக்கே அனுப்புங்க. எங்கே அந்த மெஷின்?"

விறுவிறுவென்று வந்து கதவைத் திறந்தார். கோயில் யானையைத் தடவுவதுபோலக் கம்ப்யூட்டரைப் பயபக்தியோடு தடவிக் கொடுத்தார். அப்புறம்தான் நாற்காலியைக் கவனித்தார்.

"ஜெயா! உன்னை வண்டியிலதானே உட்காரச் சொன்னேன்? இங்கே வந்து எதையாவது தொட்டுக் கெடுத்து வைக்கலையே?"