ஒரு கெஜம் முன்னால்

“அவனை யாரும் தொடக் கூடாது. கோட்டைத் தாண்டி ஓட விட்டுடுங்க!”

பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிப் பயிற்சியாளர் ஹார்லன் இப்படிச் சொன்னதும், சுற்றி நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தோக்கச் சொல்றீங்களா கோச்?” என்றான் கோல்பி. அணியிலேயே முரட்டுப் பிடி அவனுடையதுதான். “நாமதானே ஒரு பாயிண்ட் முன்னால இருக்கோம்?”

“அந்த ஒரு பாயிண்ட்டை வச்சு நாக்கு வழிக்கவா? பந்து அவங்க கையில, அதுவும் நம்ம கோட்டுப் பக்கத்துல இருக்கு. சும்மா நேரத்தைக் கடத்திட்டு, கடைசி நொடியில கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு பாயிண்ட் எடுத்துடுவாங்க. கடிகாரத்தை நிறுத்த நமக்கு இனி டைம்-அவுட்டும் கிடையாது. இப்பவே தாண்ட விட்டா அவங்களுக்கு ஆறு பாயிண்ட், நாம பின்னால போவோம்தான். ஆனா பந்து நம்ம கைக்கு வரும், ஒரு நிமிஷமும் மிச்சமிருக்கும்.”

“ரெண்டு வருஷமா புடிடா, புடிடான்னு உயிரை எடுத்தீங்க...”

“இன்னைக்கு விடுடா ராஜா!”

டெக்சாஸின் அந்தப் பருத்திக்காட்டு ஊரில், இன்று தோற்றால் திங்கட்கிழமை ஹார்லனுக்கு வேலை இல்லை. பள்ளி நிர்வாகம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது. வேலைக்காக அவர் மாறி வந்த ஐந்தாவது ஊர் இது. அவர் மனைவி பாதிப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை.

விசில் ஒலித்தது. எதிரணியின் டேவியன் பந்தை அணைத்துக்கொண்டு பாய்ந்தான். ஹார்லனின் பையன்கள் கதவு திறப்பது போல் விலகினார்கள்.

சாய்ந்த வெயில் ஹார்லனின் கண்ணில் அடித்தது. செம்புழுதி எழுந்து அடங்கியபோது, கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் டேவியன் தரையில் கிடந்தான்.

“கோட்டைத் தாண்டாம வேணும்னே உட்கார்ந்துட்டான்!” உதவிப் பயிற்சியாளர் டூயி தலையில் கை வைத்தார். “நம்ம கணக்கை அவனும் போட்டுட்டான், ஹார்லன்!”

கடிகாரம் ஓடியது. எதிரணி அவசரப்படவே இல்லை.

“ஏம்ப்பா ஹார்லன், சாமான் ஏத்த என் லாரி சும்மாதான் நிக்குது!” என்று பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கடைசி நொடியில் உதைத்தார்கள். பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போய் விழுந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது.

கோல்பி புல்லில் உட்கார்ந்து, வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தேம்பினான். ஹார்லன் அவன் முதுகில் தட்டினார்.

“உன் மேல என்னடா தப்பு? சொன்னபடிதானே செஞ்சீங்க. அவங்க நம்மளவிடக் கெட்டிக்காரங்க, வேற ஒண்ணுமில்ல.”

அவன் இன்னும் பலமாக அழுதான்.

மனசே இல்லாமல் எதிரணியினருக்குக் கை கொடுக்கப் போன ஹார்லன், டேவியனிடம் மட்டும் நின்றார்.

“சபாஷ்டா தம்பி. கோடு கண்ணுக்கு முன்னால இருந்தும் ஆசையை அடக்கிக்கிட்டு உட்கார்ந்தியே, பெரிய ஆளுங்களுக்கே அது வராது. யார் சொல்லிக்குடுத்தது?”

டேவியன் திருதிருவென்று விழித்தான்.

“நான் எங்க சார் உட்கார்ந்தேன்? அதோ அழுதுட்டிருக்கானே, அவன்தான் பெல்ட்டைப் புடிச்சு இழுத்துட்டான்!”