இருநூறு வரை

திரைச்சீலை வழியே வந்த வெயில் தரையில் நீர்போல அசைந்தது. அவன் காற்றுத் துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, காற்று சிலிண்டரின் குழாயை அதில் மாட்டினான்.

"உள்ள குண்டு இல்லையே?" என்றாள் மனைவி, நாற்காலியில் சாய்ந்தபடி.

"ரெண்டு தடவை பார்த்தாச்சு, மேடம்."

"அப்ப மெதுவா திறங்க. நம்பரைச் சத்தமா சொல்லுங்க."

சிலிண்டர் வால்வை மயிரிழையளவு திறந்தான். காற்று பெருமூச்சுபோல நுழைந்தது.

"நூறு... நூத்தி இருபது..."

அழுத்தமானியின் முள் ஏறுவதைப் பார்த்தால் அவனுக்குத் தூரத்தில் ஒரு படகு போவது போலிருக்கும்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா? போன தடவை இப்படிக் கனவு கண்டுதான் இருநூத்தி நாப்பது ஏத்துனீங்க. அழுத்தம் கூடிப்போய்த் துப்பாக்கி வால்வு சரியாத் திறக்காம குண்டெல்லாம் நடுவுக்குக் கீழ இறங்குச்சு. இன்னிக்குப் போட்டியையும் கோட்டை விட்டா தேசிய அணியை மறந்துட வேண்டியதுதான்."

"நூத்தி எண்பது... இருநூறு. சத்தியமா."

சிலிண்டரை மூடி, குழாயில் மிஞ்சிய காற்றை வெளியேற்றிய பிறகே அதைக் கழற்றினான்.

மதியம் அரங்கில் அழைப்பு வந்தது. அவன் மனைவியின் கையைப் பிடித்துச் சுடும் கோட்டுக்குக் கூட்டிப்போனான். துப்பாக்கியில் குண்டு போட்டுக் கொடுத்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். பார்வையற்றோர் போட்டியில் இலக்கைக் காதால்தான் தேட வேண்டும். துப்பாக்கியின் குறி நடுவை நெருங்க நெருங்க ஹெட்போனில் ஒலி மெல்ல உயரும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மூச்சுதான் பெருசா கேக்குது."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். எங்கிருந்தோ வரும் பாட்டைக் கேட்பவள்போல அவள் தலை சாய்த்துச் சுட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசிக் குண்டும் நட்டநடுவில் விழுந்து, அவள் முதலிடத்துக்கு ஏறியது மதிப்பெண் திரையில் தெரிந்தது. அதைச் சொல்ல அவன் வாயெடுத்தான்.

கைதட்டல் முந்திக்கொண்டது.