கால் கதை

“அண்ணே, அந்தக் கால் கதையைச் சொல்லுங்கண்ணே!”

பின்வரிசையில் யாரோ கத்தியதை மண்டபமே பிடித்துக்கொண்டது. “கால் கதை! கால் கதை!”

மேடையில் நின்ற நகைச்சுவைப் பேச்சாளர் திருச்செல்வம் முன்வரிசையைப் பார்த்தார். மனைவி நிர்மலாதேவி தன் அண்ணன் பரமேஸ்வரனுக்கும் அண்ணி ஜெயாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள்.

பெம்பானுக்குக் காரில் வரும்போது அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

“எங்க ஊர்ல மட்டும் அந்தக் கதை வேணாங்க. கூத்தாடியக் கட்டிக்கிட்டுச் சீரழியப் போறன்னு சொன்னவரு எங்கண்ணன். அவர் முன்னால நான் தலை நிமிர்ந்து உட்காரணும்.”

“சத்தியமா சொல்லமாட்டேன் லா.”

சத்தியம் சர்க்கரைப் பொங்கல் என்பார்கள். இந்த மனுஷருக்கு ரொம்ப நாளாக இனிப்புநீர் வியாதி. சர்க்கரைப் பொங்கலும் ஆகாது, சத்தியமும் தங்காது.

சற்றுமுன் பந்தியில் ஜெயா மறுபடியும் பாயசம் ஊற்ற வந்தபோது, எதிரே இருந்த மனைவியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு இலையை நகர்த்திக் கொடுத்தவர்தானே!

கோயில் மண்டபத்துக்குள் செருப்புப் போட முடியாது என்று நிர்மலாதேவி ஒரு ஜோடி காலுறை கொண்டுவந்திருந்தாள். வேட்டிக்குக் காலுறை போட்டால் நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிடுவார்கள் என்று அதையும் பைக்குள் திணித்துவிட்டார். கடைசி நிமிஷம் வரை பின்னால் பேனரை ஆணியடித்துக்கொண்டிருந்த மேடையில் வெறுங்காலோடு ஏறினார்.

முதலில் ஓட்ஸ் கதையைச் சொன்னார். பிறகு பாகற்காய்ச் சாற்றுக் கதை. சிரித்தார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. கிள்ளான், சுங்கை பட்டாணி, ஜொகூர் என்று அவர் ஊர் ஊராக அலைவது அதற்கா?

“கால் கதை! கால் கதை!” இப்போது கைதட்டல் வேறு.

பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா?

“பகல் பூரா என் பொண்டாட்டி என்னை ஏசுவா. கேட்டா நாய்கூட வீட்டை விட்டு ஓடிரும். ஆனா ராத்திரி? என் கால்ல விழாம அவ படுத்ததே கிடையாது! முட்டி போட்டு, இந்தக் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, கண்ணு கொட்டாமப் பார்ப்பா பாருங்க... பத்துமலை முருகனைக்கூட அவ அப்படிப் பார்த்ததில்ல!”

மண்டபம் அதிர்ந்தது. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து நடித்துக் காட்டினார். முட்டி போட்டார், கும்பிட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிழவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

பரமேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே சொன்னேனே என்பதுபோலத் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

நிர்மலாதேவி எழுந்தாள்.

போச்சு. இனி ரெம்பியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குத்தான் போவாள். போனால், இவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கூப்பிடுவார்?

அவள் வாசல் பக்கம் போகவில்லை. மேடைப் படியில் ஏறினாள். நேராக அவரிடம் வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தார். அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் அவர் காலடியில் முட்டி போட்டாள்.

கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. “டேய், கதை உண்மைதான்டா!” என்று விசிலடித்தார்கள். பரமேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. அவருடைய வலது காலைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பினாள். தினமும் படுக்கும் முன் டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு, விரலிடுக்கு விடாமல் குதிகால்வரை தேடுவாளே, அதேபோலத் தேடினாள். இனிப்புநீரில் கால் மரத்துப்போகும், காயம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள் என்று டாக்டர் சொன்னது அவரிடம்தான். குனிய முடியாத தொப்பைக்காரருக்கு அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள்.

இத்தனை மேடைகளில் அந்த டார்ச் லைட்டை மட்டும் அவர் சொன்னதே இல்லை. சொன்னால் யார் சிரிப்பார்கள்?

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். மேடையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில், பாகற்காய்க் கதை சொன்ன இடத்திலிருந்து இங்கே வரைக்கும், அவருடைய குதிகால் சிவப்புச் சிவப்பாகப் பதிந்திருந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் காலைப் பார்த்திருக்கிறாள்.

பேனருக்கு அடித்த சின்ன ஆணி ஒன்று குதிகாலில் தலைவரை இறங்கியிருந்தது.

“வலிக்குதாங்க?”

அவர் கையில் மைக் இன்னும் அணையாமல் இருந்தது. அவள் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“இல்லையே...” என்றார். “ஒண்ணுமே தெரியல நிர்மலா.”

அதுவும் கேட்டது.

முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பிறகு பின்வரிசையிலும் நின்றது.

அவள் முந்தானையைச் சுருட்டிக் குதிகாலில் அழுத்திக்கொண்டு, “அசையாதீங்கன்னா கேக்குறீங்களா?” என்று ஏசினாள்.

முதலில் மேடைக்கு ஓடிவந்தது பரமேஸ்வரன்தான். வந்தவர், தங்கைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, மச்சானின் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.