சிரிப்புப் படத்து விருந்து

"டிரெய்லருக்கே வயிறு வலிக்குதுடீ, படத்துக்கு என்ன ஆவேனோ!" என்று சிரித்தவளின் பாப்கார்ன் பாதி தரையில் கொட்டியது. நாற்காலிக்கடியில் இருந்த சுண்டெலி மிளகி இதைக் கேட்டுவிட்டு, படம் வெளியாகும் நாளுக்கே தன் மகனுக்குப் பெண் தரவிருந்த வீட்டாரை விருந்துக்கு அழைத்துவிட்டாள்.

டிரெய்லரில் வந்த இரண்டு சிரிப்பும் தொடக்கத்திலேயே தீர்ந்துபோயின. பிறகு ஒரே சாவு, ஒரே அழுகை. பாப்கார்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அரங்கமே விசும்பியது. ஒரு பொரிகூடக் கீழே விழவில்லை.

"பெரிய விருந்துன்னீங்களே சம்பந்தி? இந்த வீட்டுலயா எம் பொண்ணக் குடுக்கிறது?" என்றாள் பெண்ணின் தாய்.

"டிரெய்லர்ல அப்படித்தான் இருந்துச்சு சம்பந்தி..."

"டிரெய்லரையா திங்க முடியும்?"

மிளகி மீசையை நீவிக்கொண்டாள். பெரிய பாப்கார்ன் டப்பாவோடு விம்மிக்கொண்டிருந்த ஒருவரின் வேட்டிக்குள் விறுவிறுவென்று ஏறினாள்.