மூன்றாவது பிக்கப்

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் அவளுடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய் டிரம்முக்கு அடியில் விழுந்தது.

அவள் பேஸ் கிட்டாரை விடவில்லை.

"அண்ணி, அத குடுத்துருங்க," என்றான் சைலஸ். அடித்த பிறகும் 'ங்க' போட்டுத்தான் கேட்டான்.

பகல் மூன்று மணி. புரசைவாக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் அவர்கள் ஒத்திகை பார்க்கும் அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. டிரம்ஸ் வாசிக்கிற உமாபதி டீ வாங்கக் கீழே போயிருந்தான். கிட்டாரைச் செருகியபடி ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருந்தது.

சைலஸ் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை அல்ல. கிட்டாரின் உடம்பில் புதிதாக வெட்டியிருந்த குழியை.

அறுபத்தெட்டில் செய்த கிட்டார். சைலஸின் அண்ணன் ரூபஸ் பதினாறு வருஷம் வாசித்தது. ஒரு கீறல் விழ விட்டதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் மதுரவாயல் பைபாஸில் ஒரு லாரி அவனை இழுத்துக்கொண்டு போனது. கிட்டார் அன்று வீட்டில் இருந்தது.

அவள் ரூபஸின் மனைவி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் அவள் பொறுப்பு.

போன வாரம் கிட்டாரைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தி உளி வைத்தாள். கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது பிக்கப். இருந்த இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று. அதற்குள் வைக்கும் செம்புக் காயிலைத் தன் கையாலேயே சுற்றினாள். ஏழாயிரம் சுற்று.

சுற்றியதை மெழுகில் முக்கி எடுப்பார்கள். முக்காவிட்டால் அது கம்பியின் அதிர்வோடு நிற்காது. தட்டினால் தட்டுகிற சத்தம் கேட்கும். கிட்டே போய்ப் பேசினால் பேச்சு கேட்கும்.

அவள் முக்கவில்லை.

ரூபஸ் மாதிரி வாசிக்க அவளுக்கு வராது. தன்னிடம் இருப்பதெல்லாம் அதில் கேட்கட்டும் என்று நினைத்தாள். விரல். நகம். மூச்சு.

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

இரண்டாவது அறை விழுந்தது.

"எங்கண்ணன் நெஞ்சுல உளி வச்சிருக்க நீ."

'ங்க' போய்விட்டது.

திருப்புளியை எடுத்தான். புது பிக்கப்பின் விளிம்பில் செருகி நெம்பினான். ஒரு முனை கிளம்பியது. அவள் வலது கையால் அதை மூடினாள். திருப்புளி வழுக்கி அவள் புறங்கைத் தோலை மணிக்கட்டுவரை உரித்துக்கொண்டு போனது.

ஸ்பீக்கர் இடிபோல முழங்கியது.

அவன் முழங்கைக்குக் கீழே அவள் பல் இறங்கியது. நாக்கில் உப்புக் கரித்த பிறகும் எடுக்கவில்லை. அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டியில் மோதினான். ஒரு முறை. இன்னொரு முறை. அவள் காலை மடக்கி அவன் முட்டியில் உதைத்தாள். அங்கே ஏதோ இடம் பெயர்ந்தது. அவன் அலறிக்கொண்டு அவள்மேல் சாய்ந்தான்.

கிட்டார் நடுவில்.

விழுந்த அடி ஒவ்வொன்றும் ஸ்பீக்கரில் வந்தது. இடுப்பு பெல்ட்டின் கொக்கி. முழங்கை. அவள் தாடை. கைகளில் சின்னதாக இருந்தது அங்கே பெரிதாக வந்தது. கீழே கடையின் தகர ஷட்டர் அதிர்ந்தது.

அவள் இடது கை கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருந்தது. அவன் விரல் விரலாகப் பிரித்தான்.

சுண்டுவிரல் ஒடிந்தது.

அதுவும் ஸ்பீக்கரில் வந்தது. குச்சி முறிகிற மாதிரி இல்லை. பக்கத்து அறையில் யாரோ கதவு சாத்துகிற மாதிரி.

அவளுடைய மிச்சமிருந்த மூன்று விரல்களும் பெருவிரலும் இன்னும் இறுகின.

அவன் குனிந்தான். அவன் முகம் கம்பிகளுக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. எச்சில் தெறிக்கக் கத்தினான்.

"விடு. விட்டுடு."

ஸ்பீக்கரும் சொன்னது.

விடு. விட்டுடு.

கனத்து வந்தது. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல வந்தது. சைலஸின் குரலில் எப்போதும் ஒரு கீச்சு உண்டு. அடிக்குரலை மட்டும் தருகிற பேஸ் ஸ்பீக்கருக்கு அந்தக் கீச்சு ஏறவில்லை.

அது போனால் மிச்சம் இருப்பது ரூபஸின் குரல்.

அடித்தும் ஒடித்தும் பிரியாத அவள் விரல்கள் தானாகப் பிரிந்தன.

கிட்டார் அவன் பக்கமாகச் சரிந்தது. அவன் எடுக்கவில்லை. சுடுகிற எதையோ தொட்டவன்போல அவளைவிட்டு விலகி, ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு சுவர்வரை தவழ்ந்தான். முட்டை அட்டையில் முதுகைச் சாய்த்தான். உதடு அசைந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பேசினால் பிக்கப்புக்குக் கேட்காது.

உமாபதி டீ ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்றான். தரையில் ரத்தத்தைப் பார்த்தான். இரண்டு பேரையும் பார்த்தான். ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

"அணைக்காத," என்றாள்.

இடது கையை அக்குளில் அடக்கிக்கொண்டு மண்டியிட்டு எழுந்தாள். தோல் உரிந்த வலது கையால் கிட்டாரின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். சிமென்ட் தரையில் அது உரசுகிற சத்தம் அறையெங்கும் உறுமியது. சைலஸுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

அவன் தலையை ஆட்டினான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் கிட்டாரை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நாலு கிலோ. ஒற்றைக் கை. ரத்தம் முழங்கைக்கு வழிந்து சொட்டத் தொடங்கியது.

இறக்கவில்லை.